பச்சைக் கை மரம்

டிச. 12, வெள்ளி
காலையிலேர்ந்து தூறல். துணி காயல, மூணாவது நாள். இவருக்கு பகல் ஷிப்ட்டு. டப்பாவுல லெமன் சாதம், உருளை.

சண்டே ஸ்கூல் மிஸ் குரூப்ல மெசேஜ் போட்டிருக்காங்க. மூணு வயசுப் பிள்ளைங்க கிறிஸ்மஸுக்குக் கையால எதனா செஞ்சி எடுத்தாரணும். கடையில வாங்கக் கூடாது, வீட்ல இருக்கறத வெச்சிதான்.
– பஞ்சு ஒட்டின ஆட்டுக்குட்டி
– டீ கப்பைக் கவுத்து மணி
– முட்டை அட்டையில பூ
– பிள்ளையோட கையை வரைஞ்சி வெட்டி, அடுக்கி ஒட்டி, மரம். (இது கண்டிப்பா. 21ந் தேதி சர்ச்சுல மாட்டுவாங்க.)

இது அம்மாங்க குரூப்பு. என் பொண்ணு அபி போயி பத்து மாசம் ஆவுது. மூணு நாள் ஜொரம், அவ்ளோதான். குரூப்லேர்ந்து என்னை யாரும் எடுக்கல. நானும் வெளிய வரல. இன்னும் "அபிஷா அம்மா"ன்னுதான் பேரு.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தா. என் ஓரகத்தி, ஜெனியோட அம்மா. ஒரே ஊடு, நடுவுல ஒரு சுவரு. அவளுக்கு வர்ற வாரம் முழுக்க பர்ஸ்ட் ஷிப்ட்டாம், அஞ்சரைக்கே கம்பெனி பஸ்ஸு.
"ஜெனிக்கு நீயே செஞ்சி குடுத்துடுக்கா. உனக்கும் பொழுது போவும்."
பொழுது போவும். சரின்னு சொன்னேன்.

அபி ஜெனியைவிட இருபது நாள் பெரியவ.

டிச. 13, சனி
மழை இல்ல. துணி பாதி காஞ்சுது.

மைதா பசை காச்சினேன். ஜெனி பாதி தின்னுட்டா. "பெரீமா, உப்பு இல்ல" ன்றா.

பஞ்சு ஊட்ல இருக்கு. அபிக்கு வாங்கினது. மூக்குல வெச்சது போக மீதி. அதைத் தொடல. மருந்துக் கடைக்குப் போயி புதுசு வாங்கினேன். வாங்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. வாங்கினேன்.

ஆட்டுக்கு அஞ்சு காலு. அஞ்சாவது எதுக்குடின்னு கேட்டா, அது குந்தறதுக்காம். சிரிச்சிட்டேன். சிரிச்சதுக்கு அப்புறம் கஷ்டமா இருந்துச்சி.

ஸ்டெ. வந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டா. "என் தங்கம் செஞ்சது." பசை என் கைமுட்டி வரைக்கும். அவ பொண்ணு, அவ தங்கம். வேற எப்பிடி எழுதுவா. தெரியுது. இருந்தாலும் நாலு வாட்டி எடுத்துப் பாத்தேன்.

டிச. 14, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகல. தலைவலின்னு இவர்கிட்ட சொன்னேன்.
தெரு பூரா ஸ்டார் கட்டிட்டாங்க. எங்க ரெண்டு ஊட்லயும் இல்ல. சாவு விழுந்த வருஷம் கட்டறதில்ல. ஜெனி ஸ்டார் கேட்டு அழுவுறாளாம். உன்னாலன்னு ஸ்டெ. சொல்லல. நான் பக்கத்துல இருக்கும்போது, "அழுவாதடி"ன்னு அதட்டினா, அவ்ளோதான்.

டிச. 15, திங்கள்
கேஸ் வந்துச்சி. வெயில்.

மரம். பீரோ மேல பச்சைக் கல்யாணப் பத்திரிகைங்க இருந்துச்சி. ஜெனி கையை வெச்சி பென்சிலால வரைஞ்சேன். கூசுதுன்னு நெளிஞ்சிக்கினே இருந்தா. பத்து கை. கீழ நாலு, மேல மூணு, ரெண்டு, உச்சியில ஒண்ணு. வெட்டி முடிக்கறதுக்குள்ள அவ தூங்கிட்டா.

போன வருஷம் மிஸ் வரைஞ்ச அபி கை பைபிளுக்குள்ள இருக்கு. எடுத்து ஜெனியோட பேப்பர் கை மேல வெச்சிப் பாத்தேன்.

போன வருஷம் அபி கைதான் பெருசு. ஸ்டெ. கூட, "இன்னாக்கா உன் பொண்ணுக்கு கொத்தனார் கை"ன்னு கிண்டல் பண்ணா. இப்ப ஜெனி விரலு அஞ்சும் வெளிய நீட்டிக்கினு இருக்கு. ஒரு நகம் அளவு.

கத்தரிக்கோலு கையிலயே இருந்துச்சி. நீட்டினதை வெட்டினேன். ஒரு கையோட நிறுத்தி இருக்கலாம். நிறுத்தல. பத்து கை, கைக்கு அஞ்சு. அப்புறம் மரமா ஒட்டிட்டேன். நல்லாதான் இருந்துச்சி. அழகா, சின்னதா.

துணுக்கெல்லாம் கூட்டி முறத்துல வெச்சேன். குப்பையில கொட்டல. ஏன்னு தெரியல.

டிச. 16, செவ்வாய்
ஜெனி வந்ததும் மரத்து மேல கையை வெச்சா. ஒவ்வொண்ணா பத்தும் வெச்சிப் பாத்தா.
"பெரீமா, இது என் கை இல்ல."
"உன் கைதான்."
"இல்ல. பாப்பா கை."
போய் வெளையாடுன்னு கத்திட்டேன். ஓரமா போய் குந்திக்கிச்சி.

கொழம்பு அடி பிடிச்சிடுச்சி.

டிச. 17, புதன்
நடந்தத அப்பிடியே எழுதறேன்.

நான் தண்ணி புடிக்கப் போன நேரம். ஜெனி முறத்துல இருந்த துணுக்க எடுத்து, மீதி மைதா பசையத் தொட்டு, பத்து விரல்லயும் நகத்து மேல ஒட்டிக்கிச்சி. நெயில் பாலிஷாம். மத்தியானம் ஸ்டெ. பஸ்ஸ விட்டு எறங்கினதும் ஓடிப்போய் கையை நீட்டிச்சி. பெரீமா வெட்டினதுன்னு சொல்லிச்சி.

ஸ்டெ. ஒரு துணுக்கப் பிச்சிப் பாத்தா. உள்ள வந்து மரத்தப் பாத்தா. ஜெனி கையப் புடிச்சி மரத்து மேல வெச்சா. யூனிபாரம் கூட மாத்தல.

"என் பொண்ணு வளரக் கூடாதாக்கா?"

இல்லன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய் வரல.

பிள்ளைய இடுப்புல தூக்கிக்கினு போயிட்டா. மரம் இங்கயே கெடக்குது.

டிச. 18, வியாழன்
ஜெனியை அனுப்பல. ஸ்டெ. லீவு போட்டுட்டாளாம். இவரு வந்து சொன்னாரு. ஏன்னு கேட்டாரு, தெரியாதுன்னேன்.

வெளக்கு வெச்ச நேரம். சுவருக்கு அந்தாண்ட ஸ்டெ. ஜெனிக்கு உப்பு மிளகா சுத்தறா. பாஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. "ஊர் கண்ணு, தெரு கண்ணு"ன்னு ஆரம்பிச்சா. அடுத்தது "ஊட்டுக் கண்ணு"ன்னு வரும்னு நின்னேன். கொரலு எறங்கிடுச்சி. வந்துச்சா இல்லையா தெரியல.

அடுப்புல போட்டது கேட்டுச்சி. கண்ணு பட்டிருந்தா நெடி வராது. வரணும்னு சுவருகிட்ட மூக்க வெச்சிக்கினு நின்னேன். ஒரு தும்மல் வந்தா போதும்.

வரல.

மழைக்கு நமுத்துப் போன மிளகாயா இருக்கும்.

டிச. 19, வெள்ளி
ஊடு கம்முனு இருக்கு. அரிசி, உளுந்து ஊற வெச்சேன். ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்ளோன்னு தெரியல.

எனக்குப் பொறாமைதான். எழுதிட்டேன். ஜெனி மேல இல்ல. அவ வாயால பெரீமான்னு கூப்ட்டா உள்ள எதோ எறங்குது. அந்த நகம் அளவு மேலதான்.

டிச. 20, சனி
காலையில கதவுகிட்ட ஜெனி. கையில பென்சிலு. பின்னாடி ஸ்டெ., கையில முட்டை அட்டை, கிழிஞ்ச பேப்பரு. அவ ரெண்டு நாளா வெட்டிப் பாத்திருக்கா. கை எல்லாம் நண்டு மாதிரி வந்திருக்கு.

"நாளைக்குக் குடுக்கணும். எனக்கு வரலக்கா."

உள்ள வான்னேன். குந்தினா. ஜெனி கையை வெச்சா, வரைஞ்சேன், வெட்டினேன். ஸ்டெ. என் மூஞ்சியப் பாக்கல. கத்தரிக்கோலையே பாத்துக்கினு இருந்தா. முதல் கைய வெட்டினதும் அவகிட்ட நீட்டினேன். ஜெனி கை மேல வெச்சிப் பாத்தா. சரியா இருந்துச்சி. ரெண்டாவதையும் வெச்சிப் பாத்தா. ஆறாவதுக்கு மேல பாக்கல. எழுந்து போயி டீ போட்டா, என் அடுப்புல, என் பாத்திரத்துல.

பழைய மரத்த இன்னா பண்றதுன்னு கேட்டேன்.
"தூக்கிப் போட்டுடாத. அபி கை கூடவே வெச்சிடு."

பைபிள்ல வெச்சி மூட முடியல, பெருசா இருக்கு. தலகாணிக்குக் கீழ வெச்சிருக்கேன்.

டிச. 21, ஞாயிறு
சர்ச்சுக்குப் போனேன். பதினேழு மரம். ஜெனிது ரெண்டாவது வரிசையில. ஒரு அம்மா தன் பையன் மரத்துக்கு முன்னாடி நின்னு செல்பி எடுத்தா. அவ மேலயும் பொறாமை. எதிர்ல வந்த எல்லா அம்மா மேலயும்.

மிஸ் என்னைப் பாத்து, குரூப்ல இருக்கறது கஷ்டமா இருந்தா எடுத்துடட்டான்னு மெதுவா கேட்டாங்க. வேணாம், இருக்கட்டும்னேன்.

டிச. 22, திங்கள்
மேகம். துணி வெளிய போடல.

ஸ்டெ. மறுபடி பர்ஸ்ட் ஷிப்ட்டு. தூங்கற பிள்ளைய என் பாயில படுக்க வெச்சா. பஸ்ஸு ஆரன் அடிக்குது. செருப்ப மாட்டிக்கினே திரும்பினா.

"அக்கா, ஜெனிக்கு நகம் வளந்துருக்குது. வெட்டி வுட்டுடு."

போயிட்டா.

ஜெனி எழுந்து, பல் தேய்ச்சி, இட்லி ரெண்டு. அப்புறம் மடியில குந்தி கையை நீட்டிச்சி. நெயில் கட்டர எடுத்தேன். ஒவ்வொரு விரலாப் புடிச்சி, வெளிச்சத்துக்குக் காட்டி, மெதுவா.

பத்து விரலு. நகம் மட்டும்தான் வெட்டினேன்.