முன்பக்க இடது சக்கரம்

பொம்மனஹள்ளி,
விஜயதசமி, காலை.

தர்ஷினி அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு படியுங்கள். பிள்ளையைத் திருப்பிக் கேட்டு எழுதவில்லை, அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பிக்கப் வண்டியின் முன்பக்க இடது சக்கரத்துக்கு, நடுவில் அதைத் தாங்குகிற ஹப்பை மெக்கானிக் நாகேஷ் புதிதாகப் போடவில்லை. பழையதுதான் இருக்கிறது. அதுவும் முடுக்காமல் இருக்கிறது.

ஊம் ஊம் என்று சத்தம் வருகிறது என்று நேற்று காலை நீங்கள்தானே வண்டியை அவர் ஷெட்டில் விட்டீர்கள். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாராம். பேரிங் உட்காரும் இடமே தேய்ந்துபோயிருந்ததால், பேரிங்கை மட்டும் மாற்றினால் நிற்காது என்று புது ஹப்பே வாங்கி வந்திருக்கிறார். அதற்குள் ஆயுத பூஜைக்கு நேரமாகிவிட்டது. ஜாக்கியில் மூன்று சக்கரத்தோடு தொங்குகிற வண்டிக்கு யார் பூஜை போடுவார்கள்? அதனால் பழைய ஹப்பையே மாட்டி, நட்டைக் கையால் மட்டும் திருகி, சக்கரத்தை ஏற்றி வண்டியை இறக்கி நிறுத்திவிட்டார். நட் கழன்று வராமல் இருக்க ஸ்ப்ளிட் பின் என்று ஒன்று குத்துவார்களாமே, அதையும் குத்தவில்லை. ஸ்பானர், சுத்தியல் எல்லாம் பொட்டு வைத்துச் சாமி முன்னால் போய்விட்டன. பூஜை பிரிக்கும் வரை ஆயுதத்தைத் தொடக் கூடாதே. புதுப் பொருளுக்கும் பூஜை ஆகட்டும் என்று அந்தப் புது ஹப்பையும் அவற்றோடு வைத்திருக்கிறார்.

சாயங்காலம் நீங்கள் போனபோது வண்டி வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நான்கு சக்கரத்தில் ஜோராக நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தீர்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டு வந்தீர்கள். பூஜை பிரிக்கும் முன் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான் என்று நாகேஷ் நிம்மதியாக இருந்துவிட்டார். கோபத்தில் இருக்கிற டிரைவர் எடுப்பான் என்று அவருக்குத் தெரியாது. விடிந்தும் விடியாமலும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பூஜையைப் பிரித்துவிட்டு நாகேஷ் குங்குமம் ஒட்டிய ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “அக்கா, வண்டி எங்கக்கா?” என்று கேட்டார். ஹாசனுக்கு உருளைக்கிழங்கு லோடு ஏற்றப் போயிருக்கிறது, அங்கிருந்து மங்களூர் என்று சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணன் கையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்க்கா, தப்பு பண்ணிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது.

காலி வண்டி, நேர் ரோடு, மெதுவாகப் போனால் ஹாசன் வரைக்கும் தாங்கலாம் என்கிறார். தாங்கியிருக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் லோடு ஏற்றி மங்களூர் வழியில் ஷிராடி மலையில் இறங்கினால், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கப் பிடிக்க பாரமெல்லாம் முன் சக்கரத்தில்தான் விழுமாம். நட் கழன்றால் சக்கரம் ஹப்போடு சேர்ந்து வெளியே வந்துவிடும் என்றார். இடது பக்கத்துச் சீட்டில், அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் தர்ஷினி உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். ஹாசன் மண்டிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, பண்டிகை நாளில் யார் எடுப்பார்கள். மண்டியில் பூஜை முடிந்து மதியத்துக்கு மேல்தான் லோடு ஏற்றுவார்கள் என்று ஆண்டனி அண்ணன் சொல்கிறார். எதிர்வீட்டு லாரிக்காரர் ஆண்டனியைத்தான் சொல்கிறேன். அவர் ஹாசனுக்குத்தான் கிளம்புகிறார். அவரோடு நாகேஷும் ஹப்பையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு வருகிறார். அண்ணன் டீசல் போட்டு வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

இரண்டு ஆம்பளைகள் வந்து சொல்லும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? நாகேஷ் எங்கள் ஊர், கோலார் தங்கவயல்காரர். நான் சொல்லிக்கொடுத்து அனுப்பிய கதை என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவீர்கள். நான் நேரில் வந்தால் இன்னும் மோசம், பிள்ளையைப் பிடுங்க வந்துவிட்டாள் என்று லாரியைப் பார்த்ததுமே கிளம்பிவிடுவீர்கள். அதனால்தான் நான் வரவில்லை. வராமல் இங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியாது.

என்னை நம்ப வேண்டாம். ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பாருங்கள். உங்கள் கை சொல்வதை நம்புங்கள்.

கார்மென்ட்ஸில் ஓவர்டைம் பார்க்கிறவளிடம் பெண் பிள்ளை எப்படி வளரும், மங்களூரில் அக்கா வீட்டில் இருந்து படிக்கட்டும் என்றீர்கள். பெற்ற பிள்ளையை யாருக்கும் தர மாட்டேன் என்று நானும் கத்தினேன். உங்கள் அக்காவைப் பற்றியும் சொல்லக் கூடாததைச் சொன்னேன். வாய் நம் இரண்டு பேருக்கும் நீளம்தான்.

இது பிள்ளையைத் திரும்ப வாங்கச் செய்த தந்திரம் என்று இன்னமும் தோன்றினால், ஆண்டனி அண்ணன் கையில் ஒரு பை இருக்கிறது, திறந்து பாருங்கள். அவசரத்தில் நீங்கள் விட்டுப்போன அவளுடைய துணிமணி, பாடப் புத்தகம், ஆதார் அட்டை எல்லாம் வைத்திருக்கிறேன். வளைவில் அவளுக்குக் குமட்டும், புளிப்பு மிட்டாய் அந்தப் பையின் ஓரப் பாக்கெட்டில் இருக்கிறது. ஹாசனில் பஸ் ஏறி அவளை உங்கள் அக்கா வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன், பின்னால் வரவும் மாட்டேன்.

அந்த வண்டியில் மட்டும் அவளை ஏற்றாதீர்கள். நீங்களும் ஏறாதீர்கள்.

இரண்டு பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

பாஞ்சாலி