தாமரைச்செல்வியின் கைகள்

சமயநல்லூர்

அன்பு மகள் பவதாரிணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தம்பி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உன் தம்பி பீமாராவுக்கு வேலை போய்விட்டது. கே.கே. நகர் கம்பெனியில் காது கேளாத பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் பாடம் செய்துகொண்டிருந்தானே, பிள்ளை ஒரு படத்தைத் தொட்டால் அவன் பெண்டாட்டி தாமரைச்செல்வி திரையின் மூலையில் வந்து சைகையில் விளக்குவாளே, காது கேளாத மருமகளோடு பேச நானே அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இனி ஆளை வைத்து வீடியோ வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை செய்து கொடு, அதுவே எல்லாப் பாடத்துக்கும் கை அசைக்கட்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இவனும் அவளை உட்கார வைத்து விரல் அசைவையெல்லாம் பதிவு செய்து பொம்மைக்கு ஏற்றினான். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை, புதுப் பாடம் என்றே அவள் நினைத்திருக்கிறாள். பொம்மை தயாரானதும் அவளை நிறுத்தினார்கள், பிறகு இவனையும்.

அந்தப் பாடம் ஓடும் பள்ளிக்கூடத்துக்கு அவளோடு நானும் போயிருந்தேன். பொம்மை அசைத்தது தன் கையைத்தான் என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. பொம்மைக்கு முகமே அசையவில்லை, அது கேள்வி கேட்கிறதா பதில் சொல்கிறதா என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒரு சின்னப் பெண் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீ சொல்லு என்று இவள் கையைப் பிடித்து இழுத்தது. சுபலட்சுமி டீச்சர், “நாங்களும் எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டோம்மா, பழைய வீடியோ இனிமே வராதுன்னுட்டாங்க” என்றார்.

அன்றிலிருந்து உன் தம்பி எதிரே போய் நின்றாலே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிவிட்டால் அவளிடம் அவனால் எதைத்தான் சொல்ல முடியும். “மன்னிச்சுருன்னு சொல்லக்கூட விடமாட்டேங்குறாம்மா” என்று என்னிடம் அழுதான். எல்லாம் சரியாயிரும் என்கிறார் அப்பா, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவளை எழுமலையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். போகிறேன் என்று கையால் காட்டினாள். நம் வீட்டில் யாரும் வெறும் போகிறேனோடு நிறுத்த மாட்டோமே. வருகிறேன் என்பதையும் காட்டு என்று நானே கையால் காட்டிக் கேட்டேன். என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். பிள்ளையை ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே விடாதே. தம்பி வீடியோவில் போன் செய்தால், வழக்கம்போலத் தாமரையைக் கூப்பிடு என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
தங்கப்பொண்ணு