குட்டையில் காற்று குறைகிறது

நவம்பர் 4, திங்கள். அரூர்.

மேகம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்த துணி காயாமல் நாறுகிறது.

வாங்க: கொசுவர்த்தி. மீட்டருக்கு பேட்டரி. அம்மா மாத்திரை, கூரியரில் போட.

அம்மா போனில் வழக்கமான கேள்வி. கடலே இல்லாத ஊரில் உனக்கு என்னடி மீன் ஆராய்ச்சி? தூத்துக்குடிக்காரிக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது. கடலை வாரித் துடைத்தாகிவிட்டது, இனி குட்டையில் வளர்க்கலாம், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் வளர்த்ததற்குச் சான்று ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு ஏற்றுமதி கம்பெனி. அளந்து சொல்ல எங்கள் ஆராய்ச்சி நிலையம். குட்டை மீனும் இவர்களுக்குக் கடலுணவுதான். ஆனாலும் நல்ல திட்டம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மத்தியானம் தீர்த்தமலைப் பக்கம், கோவிந்தன் குட்டை. மஞ்சள் விளைந்த நிலத்தை வெட்டிக் குட்டையாக்கியவர். குட்டை நிறைய ஜிலேபி மீன். இன்னும் சில வாரத்தில் பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், மீன் வாங்கப் போகிறவர்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஐந்து வருட ஒப்பந்தம். கோவிந்தன் மனைவி செல்வி கரையெல்லாம் செம்மண் பூசி வைத்திருக்கிறார்.

தண்ணீர் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. பெயின்ட் கொட்டியது போன்ற பச்சை. ஒரு வாடையும் வருகிறது. நாளை விடிவதற்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்.

மேகம்.

விடிகாலை. ஆட்டோக்காரரிடம் கெஞ்சிப் போனேன். கரையோரம் பத்திருபது மீன் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி நின்றன. காற்று அளக்கும் மீட்டரை முக்கினேன். நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி. அதே எண். தண்ணீரில் கரைந்த காற்று, இருக்க வேண்டியதில் பாதிக்கும் பாதி. இந்த மீனாக இருக்கப்போய்த் தாங்குகிறது, வேறு மீன் என்றால் இந்நேரம் மிதந்திருக்கும்.

கோவிந்தன் தினமும் அனுப்பும் அளவோ அருமையாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஆடியில் இரண்டு மடங்கு குஞ்சு விட கம்பெனி சொன்னது. நாங்களும் தலையாட்டினோம். விடிகாலையில் அளக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எப்போது அளப்பீர்கள் என்று கேட்டேன். மனிதர் ஒளிக்கவே இல்லை.

"த்ரீ பேஸ் வந்தாத்தானேங்க மோட்டார் போட குட்டைக்கு வருவோம். போட்டுட்டு, சக்கரம் சுத்தறப்பவே மிசினையும் முக்கிடுவேன். ஒரு வேலையா போயிருமில்லீங்க."

தலையில் கை வைத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் நாற்று நடுவது, மாடு கழுவுவது எல்லாமே மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான். மீனுக்கு மட்டும் தனிப் பஞ்சாங்கமா? தண்ணீரைச் சிலுப்பும் சக்கரம் ஓடும்போது அளந்தால் காற்று இல்லாமல் எங்கே போகும். கரண்ட் காலை ஒன்பதுக்கு. மீனுக்கு மூச்சு முட்டுவது விடியுமுன்.

அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். வெயில் இருந்தால் இந்தப் பச்சைப் பாசியே பகலில் காற்று தரும். மேகம் போட்டால் தராது, இரவில் இருக்கிறதையும் இதுவே தின்றுவிடும். இப்படியே நாலு நாள் மேகம் நின்றால் குட்டை தாங்காது.

கோவிந்தன் தண்ணீரைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

நவம்பர் 6, புதன்.

மேகம். வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று செய்தியில்.

கம்பெனி மேனேஜர் பிரகாஷுக்கு போன். கேட்டது இரண்டே. ஒன்று, பாதி மீனை உடனே பிடித்து ஐஸ் வண்டி அனுப்புங்கள். இல்லையென்றால் ராத்திரி சக்கரம் ஓட்ட ஒரு ஜெனரேட்டர். மனிதர் சத்தம் போட்டே பேச மாட்டார். அதுதான் எனக்குப் பயம். விருந்தாளிகள் நிறைந்த குட்டையைப் பார்க்க வருகிறார்கள், பாதி காலியான குட்டையை எப்படிக் காட்டுவது என்றார். ஜெனரேட்டருக்குத் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டுமாம்.

என் டைரக்டருக்கு போன். "கூட்டுத் திட்டம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

நானே ஜெனரேட்டர் தேடி அலைந்தேன். அரூரில் மூன்று சவுண்ட் சர்வீஸ், மொரப்பூரில் ஒன்று. ஐப்பசி முகூர்த்தம், எல்லாம் கல்யாண மண்டபத்தில். ஒரு பையன் சிரித்தான். மீனுக்குக் கல்யாணமா மேடம்?

சிரிப்பு வரவில்லை. 

நவம்பர் 7, வியாழன்.

மேகம். மாலையில் தூறல்.

விடிகாலையில் நேற்றைவிடக் குறைவு. வாய் நீட்டும் மீன் கரையோரத்தில் மட்டும் இல்லை, நடுக்குட்டையிலும். தீனி போட வேண்டாம் என்று நிறுத்தினேன். போர்வெல் தண்ணீர் விடலாம், அதற்கும் அந்தக் கரண்ட்தான் வேண்டும்.

வெளியே விற்றுவிடுங்கள் என்று கோவிந்தனிடம் சொல்லிப் பார்த்தேன். வேறு யாருக்கும் ஒரு கிலோ கூடக் கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். செல்விக்கு விற்றுவிட ஆசை. போகிற வரைக்கும் போகட்டும், கையில் வருவது வரட்டும் என்று அவர் முணுமுணுக்க, கோவிந்தன் ஒரு முறை முறைத்தார். 

நான் கிளம்பும்போது கோவிந்தன் ரோடு வரை கூடவே வந்தார்.

"மேடம், நாளைக்கு வர்றவங்ககிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க. ஒரு நாளுங்க. அப்புறம் நீங்க சொல்றபடி பாதி மீன உங்க வூட்டு வாசல்ல வேணாலும் கொட்டறேன்."

சரி என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி.

மேகம். காற்று அசையவே இல்லை.

காலை எட்டுக்கே விருந்தாளிகள். இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு பெண். பிரகாஷ் மாலை, இளநீர், குடை சகிதம். கோவிந்தன் தேய்த்த வெள்ளைச் சட்டை, செல்வி பட்டுப்புடவை. என் கழுத்திலும் ஒரு மாலை.

குட்டை முழுக்க மீன் மேலே. கொதிக்கிற உலை போல ஆயிரம் வாய்கள். அந்தப் பெண் கை தட்டினாள். இவ்வளவு சுறுசுறுப்பான மீனைப் பார்த்ததே இல்லையாம். போட்டோ, வீடியோ. கோவிந்தனை நடுவில் நிறுத்தி ஒரு போட்டோ.

பிரகாஷ் என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நீங்கள்தானே விஞ்ஞானி, இவை எப்போதும் இப்படித்தான் மேலே வருமா? அக்கறையாகத்தான் கேட்டாள். சொன்னால் புரிந்துகொள்கிற முகம். கோவிந்தன் அவளுக்குப் பின்னால். இங்கிலீஷ் தெரியாதவர், ஆனால் என்ன கேட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீனி நேரம் என்றேன்.

உடனே பிரகாஷ் ஒரு கூடைத் தீனியை நீட்ட, அந்தப் பெண் வாரி வாரி இறைத்தாள். ஒரு மீன் கூடத் தின்னவில்லை. அவர்கள் அதற்குள் கார் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

ஒப்பந்தம் உறுதி. கோவிந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செல்வி வடை கொடுத்தார், காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஐஸ் வண்டி இன்று மாலையே வேண்டும் என்று பிரகாஷிடம் கத்திவிட்டேன். திங்கள் காலை முதல் வண்டி என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அழுகை வருகிறது. கோபம் பிரகாஷ்மேலா, என்மேலா, தெரியவில்லை. இறைத்த தீனியெல்லாம் அடியில் போய் அழுகும். அதுவும் காற்றைத்தான் தின்னும்.

மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 9, சனி.

இன்னும் விடியவில்லை. கோவிந்தனிடமிருந்து போன்.  பின்னால் சளார் சளார் என்று சத்தம். செல்வி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அண்டாவால் அடிக்கிறாராம், காற்று ஏறட்டும் என்று. எவ்வளவு மிதக்கிறது என்று கேட்டேன். தண்ணீரே தெரியவில்லை என்றார்.

ஆட்டோ வர நேரமாகும். அதுவரை இதை எழுதுகிறேன்.

திட்டவில்லை அவர். குரல் கூட உயரவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் இது மட்டும்.

"அந்தம்மா கேட்டாங்களே மேடம். நான்தான் வேணாம்னேன், நான் படிக்காதவன். நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க."