கிணற்றில் மருந்து போட்ட பகல்

இன்று முற்பகல் முனிசிபாலிட்டி ஆள் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார். ஏகாதசிக் கூட்டத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் வருஷாவருஷம் நடப்பதுதான். "சாயங்காலம்வரை தண்ணி இறைக்காதீங்கம்மா" என்றார். அந்த நெடி கூடம்வரை வந்தது. உன்னிடம் பேசத் தோன்றிவிட்டது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன்பும் இப்படி ஒரு பகல். நம் பள்ளிக்கூடத்து அரையாண்டு விடைத்தாள்களோடு திருச்சியிலிருந்து என் புக்ககத்துக்கு முதல்முறையாக வந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, ரம்ஜானுக்கு உன் அண்ணன் வாங்கித் தந்த கறுப்பு புர்காவெல்லாம் சேறு. "இப்படியே போனா எங்க தெருவே நின்னு வேடிக்கை பார்க்கும்டி" என்று சிரித்தாய்.

துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மடியாக நீர் இறைக்கும் கிணற்றடியில் உன் துணியைக் கண்டால் என் மாமியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மருந்து போட்ட பகலில் அங்கே யாரும் வரமாட்டார்கள். அதற்காகவே அந்த நேரத்தில் போனேன். மருந்து துணியை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. அலசி உதறினால், மூன்று இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு போய்ச் செங்காவியாக இருந்தது.

"சாயம் மட்டம். கடைக்காரன் ஏமாத்தியிருக்கான்" என்று உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அப்படியா?" என்றாய். பேனா மையைத் தடவிப் பார்த்தோம். காய்ந்ததும் ஊதா நிறமாகப் பல்லிளித்தது. "சிவப்பு மைதான் நம்மகிட்ட குடம் குடமா இருக்கு, அதையும் ஊத்திப் பாரேன்" என்றாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை அதில் கருநீல நூலில் பூ வேலை செய்து போட்டுக்கொண்டு வந்தாய். கறை மூன்று, பூ ஏழு. ஏன் ஏழு என்றேன். "கறை இருக்கிற இடத்துல மட்டும் போட்டா அதுவே காட்டிக் கொடுத்துடும். நல்லா இருக்கிற இடத்துலயும் போடணும்." டீச்சர்கள் எல்லாரும் அந்தப் பூவைக் கேட்டு வரைந்துகொண்டார்கள்.

அதன்பின் நீ ஸ்ரீரங்கம் வரவேயில்லை. கூப்பிட்டபோதெல்லாம் "பஸ்ல கூட்டம்மா" என்பாய்.

போன ஆடியில் நீ படுத்த படுக்கையாக இருந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. "அன்னிக்கு சாயம் மட்டமில்லை" என்று ஆரம்பித்தேன். நீ கையை அசைத்து நிறுத்தினாய்.

"அந்த வாசனை எனக்குத் தெரியாதா? எங்க தெருக் கிணத்துலயும் அதைத்தானே போடறாங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா, ஏன் அந்த நேரத்துல துவைச்சேன்னு நீ சொல்ல வேண்டியிருந்திருக்கும். பாவம், எப்படிச் சொல்லுவே?"

நேற்று உன் தங்கை அந்த புர்காவை எனக்குக் கொடுத்தனுப்பினாள். இத்தனை வருஷத்தில் கறுப்பே சாம்பலாகிவிட்டது. பூக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உள்பக்கம் திருப்பினேன். ஏழில் எந்த மூன்று என்று அங்கே தெரிந்தது.

நாளை நீர் தெளிந்ததும் கிணற்றடியில் துவைத்து வாசல் கொடியில் உலர்த்துவேன். பார்ப்பதற்கு மாமியார் இல்லை. அவர் போய் ஆறு வருஷமாகிறது. ஒரு வார்த்தை சொல்ல யாருமில்லாத வாசலில் உன் துணியைப் போட இப்போது எனக்கு எந்தத் தைரியமும் வேண்டியதில்லை. அது வேண்டியிருந்த அன்றைக்கு நீ கூடத்தில் உட்கார்ந்து என் கட்டு விடைத்தாளையும் சேர்த்துத் திருத்திக்கொண்டிருந்தாய்.