கலா அக்காவின் ட்ரே

என் ஆசை அக்காவுக்கு,

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். வந்தவாசி ரோட்டு முனையில் உன் படம் போட்டு போஸ்டர் ஒட்டப்போகிறோம். நம் பாலிஷ் ஷெட்டுப் பெண்கள்தான் ஏற்பாடு. "கண்ணீர் அஞ்சலின்னு போட்டா போதுமா சுமதி, வேற எதனா எழுதணுமா?" என்று கேட்டார்கள். எழுதணும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள், முட்டி வலிதான் விடவில்லை. உன் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். உன் இடத்தில், ஜன்னலோர பாலிஷ் மிஷினில்தான் உட்காருகிறேன். உன்னிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நேற்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பீஸைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்திலிருந்தவள், "இன்னாடி, கலா வேல பண்ணிக்கினு கீற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன்னைப் பார்த்தே இராத அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "கலான்றது யாருக்கா?" என்று கேட்டாள். நான் கீழே கிடந்த பீஸை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

ஷெட்டில் கெட்டுப்போன வேலைக்கே உன் பேர் என்று ஆகிவிட்டது, அக்கா. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய்க்கு உன் பேரைக் கொடுத்தவள் நான்தான்.

நீ ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று உன் ட்ரே பாதியில் நின்றது. ஆபரேஷன் பண்ணி இடுப்பு எலும்பில் வைக்கிற அந்தச் சின்னக் கிண்ணங்கள். உலோகப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிச் செய்வதால் ரவை ஒட்டியதுபோல் சொரசொரவென்று வருமே, அதேதான். உன் காரியம் முடிந்ததும் உன் வேலையை எனக்குக் கொடுத்தார்கள், எனக்கு எல்லாமே புதுசு. நீ முடித்து வைத்திருந்த கிண்ணங்களை எடுத்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி என் முகம் தெரிந்தது. வெளியே அப்படியே சொரசொரப்பு. ஐயோ, உடம்பு முடியாமல் பாதியில் விட்டுவிட்டாளே என்று நினைத்தேன்.

வீட்டில் சோற்றுப் பானை துலக்கினால் கரி பிடித்த வெளிப்பக்கத்தைத்தானே முதலில் தேய்ப்போம்? உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாதென்று, யாரையும் கேட்காமல், நீ முடித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் வெளிப்பக்கம் பளபளவென்று தேய்த்து வைத்தேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன்.

ஆர்டர் கொடுத்த கம்பெனி மொத்த ட்ரேயையும் திருப்பி அனுப்பியது. அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் எலும்பு வளருமாம். வழவழப்பாக இருந்தால் கிண்ணம் ஆடிப்போகுமாம். ட்ரேயின் ஓரத்தில் உன் பேர் சாக்பீஸில் இருந்தது. சூப்பர்வைசர் மாணிக்கம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கலா ஜொரத்துல பண்ணதுன்னு சொல்லிட்டேன். செத்தவளுக்கு இன்னா ஆவப்போவுது? நீ உன் பொயப்ப பாரும்மா" என்றார். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

ஆட்டியிருக்கக் கூடாது. வேலை போனால் அம்மாவை எப்படிப் பார்ப்பது என்று பயந்தேன். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால் நீ தொட்ட ஒரு பீஸாவது திரும்பி வந்ததுண்டா? நீ இருந்திருந்தால், "அறிவுகெட்டவளே" என்று தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, என்னைக் காப்பாற்ற நேரே போய் "நான்தான் பண்ணேன்" என்று சொல்லியிருப்பாய், இல்லையா? அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

போஸ்டரில் கண்ணீர் அஞ்சலி மட்டும் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நாளைக் காலை ஷெட்டில் தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒட்டுகிறேன். எல்லோரும் வந்து நிற்கிற இடம் அதுதானே. மாணிக்கம் அண்ணனும் படிப்பார், கோபப்படுவார். கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன், உன் மேல் சத்தியம். வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி. இனி அங்கே யார் பீஸைக் கெடுத்தாலும் 'சுமதி வேலை' என்று சொல்லிச் சிரிக்கட்டும்.

உன் ட்ரேயைக் கெடுத்த தங்கச்சி,
சுமதி