என் ஜெர்சி

வெள்ளி இரவு, முவைலா.

இந்த வளைகுடாக் கம்பெனியின் கூடைப்பந்து அணிக்கு என்னை விட்டால் ஆளில்லை என்ற திமிரில், ஒப்பந்தம் முடிந்ததும் இரண்டு மடங்கு சம்பளம் கேட்டேன். வேறு எந்த அணியும் என்னைச் சீந்தவில்லை. விசாவும் முடியப் போகிறது. இன்று மேனேஜர் ரஃபீக் பாயிடம் போய், "பழைய சம்பளமே போதும் பாய்" என்றேன்.

"கலாஸ் தம்பி, முடிஞ்சு போச்சு. உன் இடத்துக்கு ஒரு பிலிப்பினோவ எடுத்தாச்சு. ஸ்டோர்ல வேணா இரு."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். உடனே முதல் வேலையும் வந்தது. என் ஜெர்சியைச் சத்வா கடைத்தெருவில் ஒரு டெய்லரிடம் கொடுத்து, அந்தப் பிலிப்பினோ குள்ளனுக்கு அளவாகத் தைத்து வாங்கிவர வேண்டுமாம்.

டெய்லர் அதைத் திருப்பிப் பார்த்தார். "முதுகுல இருக்கிற பேரப் பிரிச்சிரவா?"

"பிரிச்சிருங்க" என்றேன்.

அது யார் பெயர் என்று அந்த ஆள் கேட்கக்கூட இல்லை.