மூன்றாவது தடவையும் ஒழுகிய ஃபோர்க் சீல்

பெமிட்ஜி, மே 12, திங்கள்

அன்பு மகள் மாரெனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அவருடைய பைக்குக்குத்தான் சுகமில்லை. ஆரெகனில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் அப்பா வண்டியை வெளியே எடுத்தார், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயில் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆயிலை அடைக்கிற ரப்பர் சீல் போய்விட்டது, மெக்கானிக் ஆர்லோ கடையில் விட்டால் ஒரே நாளில் மாற்றிக் கொடுப்பான் என்றேன். "முப்பது டாலர் சீலுக்கு அவனுக்கு முந்நூறு அழணுமா, நீயெல்லாம் ஒரு வியாபாரியா?" என்று என்னையே கேட்டார். சரி, அவர் நேரத்துக்கு விலை கிடையாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என் கேக் தட்டில் பழைய ஆயிலை வடித்தார், என் அளவுக் கோப்பையில் புது ஆயிலை அளந்தார், இரண்டும் இனி சமையலுக்கு ஆகாது. சீலை மாற்றியும் நாலே நாளில் மறுபடி ஒழுகியது. அடுத்த தடவை சீலின் விளிம்பு கிழியக் கூடாதென்று ஃபோர்க் குழாய் முனையில் பிளாஸ்டிக் பை சுற்றி, பிளம்பிங் குழாயை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார். ஒழுகியது. மூன்றாவது தடவையும் அதே கதை, ஆயில் முன் பிரேக் வரை வழிந்துவிட்டது. நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் திருப்பிக் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "என் கை வேலைக்கு ஆகாம போயிடுச்சு லோர்னா. வண்டிய வித்துடுறேன்" என்றார். வரும் சனிக்கிழமை வண்டியை வாங்க ஆள் வந்து பார்க்கப் போகிறான். அப்படியானால் வருஷா வருஷம் போல இந்த ஜூலையில் உன் வீட்டு வாசலில் அவர் வண்டி வந்து நிற்காது.

இன்று காலை, அவர் பல் டாக்டரிடம் போயிருந்தபோது, கழற்றி வைத்திருந்த ஒரு ஃபோர்க்கைப் பிக்கப் வண்டியில் போட்டு ஆர்லோவிடம் கொண்டுபோனேன். அவன் சீலைப் பார்க்கவேயில்லை, குழாயின் மேல் நகத்தை ஓட்டினான், நகம் மாட்டியது. "பொடிப் பொடியா துருப் பள்ளம். எத்தனை புது சீல் போட்டாலும் இது அரம் மாதிரி அறுத்துடும். உங்க வீட்டுக்காரர் வேலை சுத்தமாத்தான் இருக்கு, குழாயைத்தான் தடவிப் பாக்கல. அத தடவிப் பாக்கறதுக்குத்தான் நான் காசு வாங்குறேன்" என்றவன், "ஆமா, இந்த வண்டி உப்புக் காத்து அடிக்கிற கடலோரமா நின்னுச்சா?" என்று சிரித்தான். இங்கே ஏது கடல்? எனக்குச் சிரிப்பு வரவில்லை. நவம்பரில் என் கடைக்கு விற்க இறங்கிய உப்பு, பனி உருகச் சாலையில் தூவுவது, நாற்பது மூட்டை, கிடங்கில் இடமில்லாமல் கராஜில் அந்த வண்டியை ஒட்டி நான்தான் அடுக்கினேன். அதில் ஒரு மூட்டை கிழிந்திருந்தது. பார்த்தேன், அப்புறம் அள்ளலாம் என்று விட்டுவிட்டேன், மார்ச் வரை அள்ளவில்லை.

புதுக் குழாய்க்கும் பிரேக் பேடுக்கும் ஆர்லோவிடமே சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. என் கடைச் சரக்கில் குறை என்று யார் வந்தாலும் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொள்கிறவள் நான். அந்த மனுஷனை அப்படிக் கத்திவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் காரில் டயர் தேய்ந்திருந்தால் உடனே மாற்று, மழையில் வேகம் வேண்டாம். உன்னையும் பிள்ளைகளையும் கர்த்தர் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வண்டியைப் பார்க்க ஆள் வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, அப்பாவைப் போனில் கூப்பிட்டு, உப்பைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேள். இல்லை என்றால், நீயே சொல்லிவிடு.

உன் அம்மா,
லோர்னா